மறுமொழி: பலகை உடைந்து அம்மாவின் கால் முறிந்தது, "பார்த்து நடந்திருக்கலாம்" என்கிறார் தோட்டத் துரை (மேலாளர்)

தம்பி, துரை சொன்னதால் கேஸ் முடிந்துவிடாது. கொழுந்து மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு) போகக் கானை, அதாவது வடிகாலை, தாண்டும் பலகை அதுதான், கூடையோடு தினமும் ஆள் நடக்கிறது. உக்கிய பலகை உடைந்தால் யாருக்கு அடிபடும் என்று முன்கூட்டியே தெரியக்கூடிய இடத்தில், அதைப் பராமரிப்பவருக்குக் கவனக் கடமை உண்டு. பலகை உக்கியதைப் போன மாதமே கங்காணியிடம் (வேலை மேற்பார்வையாளரிடம்) சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பலமே அதுதான். யார், எந்தத் தேதியில், யார் முன்னால் சொன்னார் என்று இன்றே எழுதி வையுங்கள்.

அம்மாவும் கவனிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இலங்கையின் 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி அவர் தவறின் பங்குக்கு நட்டஈடு குறையும், வழக்கு தள்ளுபடியாகாது.

புதுப் பலகை போடுவதற்குள் படம் எடுங்கள்: உக்கிய முனை கிட்டத்தில், பக்கத்தில் ஓர் அடிக்கோல். ஆஸ்பத்திரியில் "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லியிருந்தால் சிக்கல், அந்த வரியைத்தான் எதிர்த்தரப்பு தூக்கிப் பிடிக்கும். பலகை உடைந்தது என்று பதியச் சொல்லுங்கள். டிக்கட் வெட்டும்போது (ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது) தரும் அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

வேலை நேரத்தில் நடந்ததால் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. அங்கே தோட்டத்தின் கவனயீனத்தை நிரூபிக்கவே தேவையில்லை, ஆனால் தொகை அட்டவணைப்படிதான். சிவில் வழக்கென்றால் விபத்திலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். எந்த வழி என்று சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டு முடிவெடுங்கள். அதுவரை ஆபிஸில் நீட்டும் எந்தத் தாளிலும் அம்மா கைநாட்டோ கையெழுத்தோ வைக்கக் கூடாது.