பெலட் அடுப்பின் புகைக்குழாயைப் பிழையாகப் பொருத்திய ஒப்பந்தக்காரர்: பணத்தை மீட்க முடியுமா?

கேள்வி: ஒன்ராறியோவின் கவார்த்தா லேக்ஸ் பகுதியில், எரிவாயு இணைப்பு இல்லாத பழைய வீடொன்றை வாங்கினோம். கடந்த ஒக்டோபரில் ஒப்பந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, பெலட் அடுப்பை (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை எரிக்கும் அடுப்பு) 6,200 டொலருக்குப் பொருத்தித் தருவதாகப் பேசி, கையால் எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். நகரசபை அனுமதி தேவையில்லை என்றார். அடுப்பு எரியும்போது வீட்டுக்குள் புகை மணக்கிறது. காப்புறுதி நிறுவனம் கேட்டதால், விறகு, பெலட் அடுப்புகளைப் பரிசோதிப்போருக்கான ‘வெட்’ (WETT) சான்றிதழ் பெற்ற ஒருவரை அழைத்தோம். அவர், போட்டிருப்பது எரிவாயுச் சாதனத்துக்குரிய குழாய் என்று அறிக்கை எழுதிவிட்டார். ஒப்பந்தக்காரரோ, ‘வேலை திருப்தி, இனிக் கோரிக்கை எதுவும் இல்லை’ என்று நாங்கள் ஒப்பமிட்டதைக் காட்டி, குழாயை மாற்ற மேலும் 1,500 டொலர் கேட்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: குழாய் சரிசெய்யப்பட்டு, நகரசபைப் பரிசோதகர் பார்த்து முடிக்கும் வரை அடுப்பை மூட்டவே கூடாது. பெலட் அடுப்பில் புகையை வெளியே தள்ளுவது மின்விசிறி. ஆகவே குழாய்க்குள் அழுத்தம் வெளியை விடக் கூடுதலாக இருக்கும். மூட்டுகள் காற்றுப் புகாதபடி அடைக்கப்படாவிட்டால், புகையோடு மணமே இல்லாத கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவும் அறைக்குள் வரும். எரிவாயுவுக்கான ‘பி’ வகைக் குழாயின் உட்சுவர் அலுமினியம். மரச் சாம்பலின் அரிப்புக்கு அது தாங்காது. பெலட் அடுப்புக்கென்று சான்று பெற்ற, உட்சுவர் துருப்பிடிக்காத எஃகாலான ‘எல்’ அல்லது ‘பிஎல்’ வகைக் குழாயே இங்கு வேண்டும். படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி இருப்பது ஒன்ராறியோவில் சட்டக் கடமை என்பதால், அதையும் இன்றே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒப்பந்தக்காரரை இப்போதைக்குக் குழாயில் கைவைக்க விடாதீர்கள். அவர் அதைக் கழற்றிச் சென்றுவிட்டால், உங்களுடைய மிகப் பெரிய சான்று அவருடைய வாகனத்தில் ஏறிப் போய்விடும். குழாயின் மேல் ஒட்டியுள்ள வகைச் சீட்டு, மூட்டுகளில் வழிந்துள்ள கரிக்கோடு, சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்தில் மரச்சட்டத்துக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளி, வெளிமுனைக்கும் அருகிலுள்ள யன்னலுக்கும் இடைப்பட்ட தூரம் ஆகியவற்றை அளவுநாடாவை வைத்துப் படமெடுங்கள். அடுப்பின் கையேட்டையும் பத்திரப்படுத்துங்கள்; இடைவெளி எவ்வளவு வேண்டும் என்பதை உங்கள் அடுப்பைப் பொறுத்தவரை முதலில் சொல்வது அதுதான். ‘வெட்’ என்பது ஆளுக்கு வழங்கப்படும் சான்றிதழே தவிர அடுப்புக்கு வழங்கப்படுவதல்ல என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த அறிக்கை நகரசபை அனுமதிக்கு ஈடாகாது. ஆனால் நீதிமன்றத்தில் பயன்படும்.

நீங்கள் ஒப்பமிட்ட ‘திருப்தி’ வாசகத்தைக் கண்டு தளரவேண்டாம். 2002ஆம் ஆண்டின் ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, சேவை நியாயமாக ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்ற உத்தரவாதம் ஒப்பந்தத்தில் எழுதப்படாமலே அடங்கியிருக்கிறது. சட்டம் தரும் உரிமைகளை ஒப்பமிட்டு விட்டுக்கொடுத்தாலும் அவை அழியாது என்கிறது 7ஆம் பிரிவு.

இன்னொரு வழியும் உண்டு. ஆனால் அதை யோசித்தே எடுக்கவேண்டும். ஒப்பந்தம் உங்கள் வீட்டில் வைத்துச் செய்யப்பட்டதால் அது நேரடி ஒப்பந்தமாகக் கருதப்படும். அத்தகைய ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கைக்குக் கிடைத்த 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யலாம். பிரதியில் சட்டம் கேட்கும் விபரங்கள், குறிப்பாக இரத்து உரிமை பற்றிய அறிவித்தல், இல்லையென்றால் இந்த உரிமை ஒப்பந்தம் செய்த நாளிலிருந்து ஓராண்டுக்கு நீள்கிறது. கையால் எழுதிய அந்த ஒற்றைத் தாளில் இவையெல்லாம் இருக்குமென்று நான் நம்பவில்லை. ஆனால் இரத்துச் செய்தால் பணம் திரும்பும் அதேவேளை, அடுப்பையும் அவர் எடுத்துச் செல்ல நீங்கள் இடமளிக்கவேண்டும். அடுப்பு நல்லதாக இருந்து குழாய் மட்டும் பிழையென்றால், தகுதியுள்ள வேறொருவரிடம் சரிசெய்து அந்தச் செலவை நட்டஈடாகக் கோருவதே பெரும்பாலும் உங்களுக்கு இலாபம். மேலதிக 1,500 டொலரை எந்த நிலையிலும் கொடுக்கவேண்டாம்.

அனுமதி விடயத்தில் உங்களுக்கும் பொறுப்பு உண்டு. விறகு, பெலட் போன்ற திண்ம எரிபொருள் அடுப்பைப் பொருத்த கட்டட அனுமதி தேவை, பொருத்துதல் இத்தகைய அடுப்புகளுக்கான கனேடியத் தரநியமமான சி.எஸ்.ஏ. பி365க்கும் இசைந்திருக்கவேண்டும். ஒப்பந்தக்காரர் தேவையில்லை என்றார் என்பது வீட்டு உரிமையாளரை முற்றாக விடுவிக்காது. நகரசபை கண்டுபிடித்து உத்தரவு அனுப்பும் வரை காத்திராமல், நீங்களே விண்ணப்பித்துவிடுங்கள். பின்னாளில் விண்ணப்பிப்போரிடம் சில நகரசபைகள் கூடுதல் கட்டணம் அறவிடும்.

‘வெட்’ பரிசோதகரின் அறிக்கையைக் காப்புறுதி நிறுவனத்திடம் மறைக்காதீர்கள். ஆபத்தின் தன்மை மாறும்போது உடனே அறிவிக்கவேண்டும் என்பது தீக் காப்புறுதியின் சட்டபூர்வ நிபந்தனை. அறிவிக்காமல் இருந்து நாளை தீவிபத்து நேர்ந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். அடுப்பைப் பாவிக்கவில்லை, அனுமதிக்கு விண்ணப்பித்துள்ளோம் என்ற இரண்டு வரிகளை மின்னஞ்சலில் எழுதி, பதிலையும் சேமித்து வையுங்கள்.

இவற்றுக்குப் பிறகு, திருத்தச் செலவையும் பரிசோதனைக் கட்டணத்தையும் குறிப்பிட்டு, 14 நாள் அவகாசம் கொடுத்து ஒப்பந்தக்காரருக்குக் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் சிறு கோரிக்கை நீதிமன்றத்தை நாடலாம். 2025 ஒக்டோபர் 1 முதல் அங்கே 50,000 டொலர் வரை கோரலாம். தவறு தெரியவந்த நாளிலிருந்து பொதுவாக இரண்டு ஆண்டுகளே காலவரம்பு. வழக்குப் பதியுமுன் பற்றுச்சீட்டில் உள்ள பெயர் ஒரு கம்பனியா, தனியாள் நடத்தும் வியாபாரமா என்பதைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். தவறான பெயரில் கிடைத்த தீர்ப்பைக் கொண்டு பணம் அறவிடுவது மிகக் கடினம்.