அரபி படிக்க எங்கே சேர்க்கலாம்?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்கு அரபியிலும் சர்வதேச உறவுகளிலும் ஆசை. எந்தக் கல்லூரி நல்லது? (வாசகி, திருச்சி)

பதில்: முதலில் மொழியைப் பிடிக்கச் சொல்லுங்கள் அம்மா. சர்வதேச உறவுகளை எம்.ஏ.வில்கூடப் படித்துக்கொள்ளலாம், அரபிக்கோ வருஷக்கணக்கில் தினமும் உட்கார வேண்டும். டெல்லி ஜே.என்.யூ.வில் க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதி பி.ஏ. அரபியில் சேரலாம், சர்வதேச உறவுகளுக்கென்றே தனிப் புலம் அதே வளாகத்தில் இருப்பதால் அப்புறம் எம்.ஏ.வுக்கும் அங்கேயே முயலலாம். என் முதல் சாய்ஸ் அதுதான். தூரம் என்று தயங்கினால், உங்கள் ஊர் ஜமால் முகமது கல்லூரியிலேயே அரபித் துறை இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் சரி, பேச்சு அரபியும் சொல்லித் தருகிறார்களா என்று கேளுங்கள். புத்தகத்தில் 'எப்படி இருக்கிறாய்?' என்பதற்கு 'கைஃப ஹாலுகி' என்று மட்டும் படித்தவளை ஒரு கெய்ரோக்காரர் 'இஸ்ஸய்யிக்' என்று நலம் விசாரித்தால் திருதிருவென்று விழிப்பாள்.