தனுஷ்கோடியில் கண்ட கனத்த மூக்குப் பறவை எது? அதன் பின்னாலேயே திரிந்த சாம்பல் பறவை எது?

நீங்கள் எழுதியிருப்பது இது: ஜனவரி மாதக் காலை, கடல் வற்றிய நேரம், தனுஷ்கோடி மணல் திட்டில் வெள்ளையும் கறுப்புமாக ஒரு நெடுங்கால் பறவை, மூக்கு கறுத்துக் கனத்திருந்தது. அதை ஒட்டியே சாம்பல் நிறத்தில் இன்னொன்று ஓயாமல் குரல் கொடுத்தபடி நடந்தது. கடலில் பாய்ந்து மீன் பிடிக்கும் ஆலாவா, கரையில் நடந்து இரை தேடும் உள்ளானா, இரண்டும் ஒரே இனமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் ஒரே இனம்தான். பெற்றோரும் பிள்ளையும். ஆங்கிலத்தில் கிராப் புளோவர் என்பார்கள்; நான் நண்டுண்ணி என்றே சொல்வேன். உலகில் அதன் குடும்பத்தில் அந்த ஓர் இனம் மட்டுமே இருக்கிறது.

மூக்கைப் பார்த்தாலே சந்தேகம் தீர்ந்துவிடும். கறுப்பு வெள்ளை நிறத்தில் நம் கரைக்கு வரும் நீர்ப்பறவைகள் வேறும் உண்டு. பவளக்கால் உள்ளானின் கால் இளஞ்சிவப்பு, மூக்கு ஊசி போல மெல்லியது. அவோசெட்டின் மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கும். சிப்பிபிடிப்பானுக்குத் தலை முழுக்கக் கறுப்பு, மூக்கு ஆரஞ்சு. நண்டுண்ணிக்குத் தலை வெள்ளை, முதுகில் கறுப்புப் பட்டை, கால் நீலம் கலந்த சாம்பல், மூக்கு நேராகவும் கட்டாரி போலத் தடித்தும் இருக்கும். நண்டின் ஓட்டை உடைக்க அந்தத் தடிப்பு வேண்டும். சிறிய நண்டென்றால் முழுதாக விழுங்கிவிடும். உயரமான கால்களோடு ஆலாவின் மூக்கைப் பொருத்தியது போலத் தோன்றுவதால் உங்களுக்கு ஆலா நினைவு வந்தது இயல்புதான்.

நான் இதை முதலில் பார்த்தது குஜராத்தில், ஜாம்நகருக்கு அருகே நராராவில். கடல் பின்வாங்கிய சேற்றுத் தரையில் கணுக்கால் நீரில் நடந்துகொண்டிருந்தோம். சாம்பல் முதுகும் உச்சந்தலையில் கீற்றுகளும் கொண்ட பறவையை வேறு இனம் என்றே குறிப்பேட்டில் எழுதினேன். சற்று நேரத்தில் பெரிய பறவை நண்டொன்றைப் பிடித்து அதன் வாயில் வைத்தது. எழுதியதை அங்கேயே அடித்துத் திருத்தினேன். அளவில் ஏறக்குறைய தாய்க்கு நிகராக வளர்ந்த பிள்ளை, தலையைத் தாழ்த்தி இரந்து வாங்கித் தின்றது. உள்ளான் வகைகளில் பெரும்பாலானவற்றின் குஞ்சுகள் பிறந்த அன்றே தாமே கொத்தித் தின்னத் தொடங்கிவிடும். நண்டுண்ணியோ கடல் தாண்டி வந்த பிறகும் மாதக்கணக்கில் பிள்ளைக்கு ஊட்டுகிறது. நீங்கள் பார்த்ததும் அதுதான்.

எங்கிருந்து தாண்டி வருகிறது? ஓமான், ஐக்கிய அரபு அமீரகம், குவைத், ஈரான், எரித்திரியா முதலிய நாடுகளின் கரைகளிலும் தீவுகளிலும் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கூட்டம் கூட்டமாக முட்டையிடுகிறது. அதுவும் திறந்த மணலில் அல்ல, மணலைக் குடைந்து தோண்டிய வளைக்குள். ஒரு மீட்டருக்கும் மேல் நீளும் அந்தச் சுரங்கத்தின் முடிவில் பெரும்பாலும் ஒரே ஒரு வெள்ளை முட்டை. மற்ற உள்ளான்களின் முட்டைகளில், தரையோடு தரையாக மறைந்திருக்க, புள்ளியும் கறையும் இருக்கும். இருட்டில் கிடக்கும் முட்டைக்கு அது தேவையில்லை. வெளியே பாலை வெயில் கொளுத்தும்போது, வளைக்குள் மணலின் மிதமான சூடு அடைகாப்பில் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அதனால் பெற்றோர் முட்டையை விட்டு நெடுநேரம் இரை தேடப் போக முடிகிறது. குஞ்சும் அந்த வளைக்குள்ளேயே ஊட்டி வளர்க்கப்படுகிறது. வளைக்குள் பிறந்த பிள்ளை, நண்டு வளைகளைத் தேடி நம் கரைக்கு வருகிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

குளிர்காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஓமானின் பார் அல் ஹிக்மான் சதுப்பு என்று பரவுகிறது. இந்தியாவில் கட்ச் வளைகுடாவிலும் மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் ராமேசுவரம் தீவிலும், எதிர்க்கரையில் இலங்கையின் மன்னார்ப் பகுதியிலும் பார்க்கலாம். குளம், ஏரிப் பக்கம் தேட வேண்டாம். இது முழுக்க முழுக்க உப்புநீர்ப் பறவை.

மறுபடி போகும்போது, கடல் ஏறத் தொடங்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். இரை தேடும் இடம் மூழ்க மூழ்க, எல்லாம் எஞ்சிய மணல் தீடையில் வந்து நெருங்கி நிற்கும். அந்த நேரத்தில் படத்துக்காக அருகில் போகாதீர்கள். ஓய்வெடுக்க அவற்றுக்கு வேறு இடம் இருக்காது. தொலைவிலிருந்தே எண்ணுங்கள், சாம்பல் முதுகுள்ளவற்றைத் தனியாக எண்ணுங்கள். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான இபேர்டில் பதியும்போது, இளம்பறவை இரந்து குரல் கொடுத்ததையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.