நீர்க்கோவையும் நொச்சி ஆவியும்: வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 42. ஆறேழு ஆண்டுகளாக நீர்க்கோவையால் அவதிப்படுகிறேன். கன்னமும் புருவ நடுவும் கனத்துக் கிடக்கின்றன. கெட்டிச் சளி மூக்கின் வழியாக வராமல் தொண்டைக்குள் இறங்குகிறது. அடுப்பில் தாளிப்பு கருகினால்கூட மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கிறேன், நெற்றியில் சுக்குப் பற்றுப் போடுகிறேன், விரலி மஞ்சளைச் சுட்டுப் புகையை உறிஞ்சுகிறேன். ஒரு மணி நேரம் சுகமாக இருந்துவிட்டு மறுபடி அடைத்துக்கொள்கிறது. தலைக்குக் குளிப்பதால்தான் நீர் கோத்துக்கொள்கிறது என்று மாமியார் சொல்கிறார். கைவைத்தியத்தில் இதற்கு நிரந்தரத் தீர்வு உண்டா? — ஒரு வாசகி, ஈரோடு.

பதில்: நீங்கள் எழுதியுள்ளவற்றில் முதலில் கவனிக்க வேண்டியது அந்தக் கருகிய தாளிப்பைத்தான். மூக்கடைப்பு, சளி, முகக் கனம், வாசனை தெரியாமை ஆகியவை 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட சைனஸ் அழற்சியாகவே கருத வேண்டும். வாசனை அறவே போய்விட்டவர்களில் பலருக்கு மூக்கினுள் ‘பாலிப்’ என்னும் சதை வளர்ச்சி இருக்கக்கூடும். அது உண்டா இல்லையா என்பதை மூக்கினுள் எண்டோஸ்கோப் செலுத்திப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆறேழு ஆண்டுகள் பொறுத்த நீங்கள், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவதை இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

சுகம் ஏன் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை என்று பார்ப்போம். நம் முகத்தெலும்புகளுக்குள் நான்கு இணைக் காற்றறைகள் இருக்கின்றன; சைனஸ் என்பது இவற்றைத்தான். அவற்றில் கன்னத்து அறையின் வாசல் அதன் அடியில் இல்லாமல் மேற்பக்கத்தில் இருப்பதால், அங்கே சுரக்கும் சளி தானாக வழிந்து இறங்குவதில்லை. உட்சவ்விலுள்ள நுண்மயிர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே விட வேண்டும். சவ்வு வீங்கி வாசலை அடைத்துவிட்டால் சளி உள்ளேயே தேங்கிவிடுகிறது. ஆவி சளியைச் சற்று இளக்கும், வீக்கத்தைக் குறைக்காது. தைலத்திலுள்ள மென்தால், குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் காற்று தாராளமாகப் போவதுபோலத் தோன்றுகிறதே தவிர, அடைப்பு அடைப்பாகவேதான் இருக்கிறது. ‘நீர்க்கோவை’ என்ற பெயரும் நம்மைத் திசைதிருப்பிவிடுகிறது: உள்ளே தேங்குவது குளித்த நீரன்று, சவ்வு சுரக்கும் சளி. ஆகவே தலைக்குத் தாராளமாகக் குளிக்கலாம் என்று மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

சுக்குப் பற்று, கண்ணில் படாமலும் தோலில் எரிச்சல் தராமலும் இருந்தால் கெடுதலில்லை. ஆவி பிடிப்பதானால், கொதிக்கும் பாத்திரத்தை மடியிலோ கட்டிலிலோ வைக்காதீர்கள். குழந்தைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளாதீர்கள். பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்துபோவது அரிதான விபத்து அல்ல. மஞ்சள் புகையை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். பாட்டி காலத்து வழக்கம்தான், ஆனால் எந்தப் புகையும் ஏற்கெனவே புண்பட்டிருக்கும் அந்த நுண்மயிர்களை மேலும் சோர்வடையச் செய்யும்.

வீட்டில் செய்யக்கூடியவற்றுள் நான் நம்பிப் பரிந்துரைப்பது உப்புநீரால் மூக்கைக் கழுவுவது ஒன்றைத்தான். கொதிக்கவைத்து வெதுவெதுப்பாக ஆறிய கால் லிட்டர் நீரில், அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக அயோடின் கலக்காத தூய உப்பும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் கரைத்துக்கொள்ளுங்கள். கழுவுதொட்டியின் மேல் குனிந்து, தலையை ஒருபுறம் சாய்த்து, வாயைத் திறந்து மூச்சுவிட்டபடி, மேல்பக்க மூக்குத்துளையில் மெதுவாக ஊற்றினால் நீர் மறுபக்கத்துளை வழியே சளியோடு வெளியேறும். முதல் நாள் சுரீரென்று இருந்தால் உப்பு கூடியோ குறைந்தோ போயிருக்கும். குழாய்த் தண்ணீரையும் கிணற்று நீரையும் அப்படியே மூக்கில் விடவே கூடாது. மூக்கின் வழியாக மூளைக்குள் நுழையும் அமீபாவால் கேரளத்தில் அண்மைய ஆண்டுகளில் உயிர்கள் போனதை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். பயன்படுத்திய குவளையையும் கழுவிக் காயவையுங்கள்.

சவ்வின் வீக்கத்தைக் குறைக்க மருத்துவர் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதித் தரக்கூடும். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். உடம்பில் சேரும் அளவு மிகக் குறைவு. கழுவி முடித்த பிறகு, வலது துளைக்கு இடது கையாலும் இடது துளைக்கு வலது கையாலும், நடுத்தண்டின் மேல் படாமல் வெளிப்பக்கமாகச் சாய்த்து அடியுங்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நான்கே நாளில் ‘கேட்கவில்லை’ என்று மூலையில் போட்டுவிடுபவர்கள்தாம் அதிகம். நோய் அடியோடு போகும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். பெரும்பாலோருக்கு இதைக் கட்டுக்குள் வைத்திருக்க முடியும். மருந்துக்கு மசியாவிட்டால் அறுவை சிகிச்சை இருக்கிறது. அதற்குப் பிறகும் இந்தக் கழுவலைத் தொடர வேண்டியிருக்கும்.

கேள்வி: மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கிய சொட்டு மருந்து இல்லாமல் எனக்கு இரவில் உறக்கம் வருவதில்லை. இரண்டு ஆண்டுகளாகச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். — ஒரு வாசகர், திருப்பூர்.

பதில்: இப்போது உங்கள் மூக்கை அடைப்பது பெரும்பாலும் அந்தச் சொட்டு மருந்தேதான். ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகை மருந்துகளை மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் விட்டால், மருந்தின் வேகம் தணிந்ததும் சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கும். மருத்துவரின் மேற்பார்வையில் ஸ்டீராய்டு ஸ்பிரேக்கு மாறிக்கொண்டு, முதலில் ஒரு துளைக்கும் அது தேறியபின் மறு துளைக்கும் நிறுத்துங்கள். சில இரவுகள் சிரமமாகத்தான் இருக்கும்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 64, சர்க்கரை நோயாளி. ஒரு மாதமாக இடது மூக்கில் மட்டும் துர்நாற்றத்துடன் சளி வருகிறது. அவர் ஓமப் பொட்டலத்தை முகர்ந்துகொண்டு காலம் தள்ளுகிறார். — ஒரு வாசகி, திண்டுக்கல்.

பதில்: ஒரே பக்கம் நாறும் சளி வந்தால் அந்தப் பக்கத்து மேல்கடைவாய்ப் பல்லைச் சந்தேகிக்க வேண்டும்; அதன் வேர் கன்னத்து அறையின் தரையை ஒட்டியே இருக்கிறது. பல் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர் இருவரிடமும் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். கண் இமை வீங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, மூக்கிலோ அண்ணத்திலோ கறுப்புத் தட்டினாலோ, 2021இல் நாம் கண்ட கறுப்புப் பூஞ்சையின் அறிகுறிகள் அவை. இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.