உறைந்த ஏரியைப் படமெடுத்தல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். குடியாத்தத்தில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். படமெடுப்பதில் ஆர்வம் உண்டு. ராணுவத்தில் இருக்கும் என் சித்தப்பா லடாக்கில் பணியாற்றுவதால், சென்ற பிப்ரவரியில் பாங்காங் ஏரியைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. ஏரி முழுவதும் உறைந்து கிடந்தது. கை விறைக்க விறைக்கப் படமெடுத்தேன். ஊருக்கு வந்து பெரிய திரையில் போட்டுப் பார்த்தால், பாதிப் படங்கள் சாம்பல் பூத்தும் மீதி வெளுத்தும் இருக்கின்றன. நேரில் கண்ட விரிசல்களும் குமிழ்களும் ஒன்றில்கூடத் தெளிவாக இல்லை. என்னிடம் இருப்பது கேமராவோடு வந்த 18-55 லென்ஸ். மிக அருகில் சென்று நுணுக்கமாகப் படமெடுக்க உதவும், விலை உயர்ந்த மேக்ரோ லென்ஸ் வாங்கச் சொல்கிறார் ஒரு நண்பர். கம்ப்யூட்டரில் நீலத்தைக் கூட்டினால் போதும் என்கிறார் இன்னொருவர். வரும் குளிர்காலத்தில் மீண்டும் போக இருக்கிறேன். வெயிலுக்குப் பெயர்போன நம் மாவட்டத்தில் இதற்குப் பயிற்சி எடுக்கவும் வழியில்லை. தங்கள் ஆலோசனை வேண்டும்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

இணைத்திருந்த படங்களை நிதானமாகப் பார்த்தேன். லென்ஸ் மீது குற்றமில்லை. படங்களில் இரண்டு கோளாறுகள் தெரிகின்றன. இரண்டுமே ஒளி அளவீட்டிலிருந்து வந்தவை. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்ப்பது கேமராவின் இயல்பு. பொடிப்பனி படர்ந்த வெள்ளைப் பரப்பைக் காட்டும்போது வெளிச்சம் மிகுதி என்று கணக்கிட்டு அது குறைத்துவிடுகிறது. உங்கள் சாம்பல் படங்கள் அப்படி வந்தவை. காற்று பொடிப்பனியைத் துடைத்துச் சென்ற இடங்களில் நிலைமை நேர்மாறு. அங்கே பனிக்கட்டி தெளிந்திருப்பதால் அடியிலுள்ள ஆழ்ந்த நீரின் கருமைதான் மேலே தெரியும். கேமரா அதை இருட்டு என்று கொண்டு வெளிச்சத்தைக் கூட்ட, கரும்பரப்பில் ஓடும் வெள்ளை விரிசல்கள் வெளுத்து அழிந்துவிடுகின்றன. முதல் வகைக்கு ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்காகும், குறைத்தால் பாதியாகும்). இரண்டாவதற்கு ஏறத்தாழ ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்து, படத்தின் இருளும் வெளிச்சமும் எப்படிப் பரவியுள்ளன என்பதைக் கேமரா திரையில் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

இது எளிதில் சரியாகிவிடும். படங்களில் விரிசலும் குமிழும் இல்லாததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. நீங்கள் ஏரியைப் படமெடுத்திருக்கிறீர்கள், பனிக்கட்டியைப் படமெடுக்கவில்லை. மலை, வானம், வெண்பரப்பு என்று எல்லாப் படங்களும் நிமிர்ந்து நின்று எடுத்தவை. காலடியில் இருப்பது எப்படி உருவானது என்று தெரிந்தவருக்கே அதில் எதைத் தேடுவது என்று தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

நன்னீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கிறது. அதற்குக் கீழே குளிரும் நீர் இலேசாகி மேலேயே தங்கிவிடுவதால், ஏரி மேலிருந்து கீழ்நோக்கி உறைகிறது. பாங்காங்கின் நம் நாட்டுப் பக்கத்து நீர் உப்பு நீர். அதன் கணக்கு சற்றே மாறும், ஆனால் உறைவது மேலிருந்துதான். உறையும்போது நீர் தன்னில் கரைந்திருக்கும் காற்றையும் உப்பையும் வெளியே தள்ளுகிறது. மெதுவாக உறைந்தால் காற்று தப்பிவிடும். பனிக்கட்டி தெளிவாக அமையும். விரைவாக உறைந்தால் காற்று குமிழ்களாக உள்ளே சிக்கிக்கொள்ளும். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், 1972-இல் கட்டிய அணையால் உருவான ஏப்ரஹாம் ஏரியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக உறைந்திருக்கும் வெண்குமிழ்கள் உலகப் புகழ் பெற்றவை. அவை ஏரியின் அடியில் மக்கும் தாவரங்களிலிருந்து மேலெழும் மீத்தேன் வாயுவால் ஆனவை. விரிசல்களுக்கு வெப்பநிலை மாற்றம் காரணம். இரவில் குளிர் ஏற ஏறப் பனிக்கட்டி சுருங்கிப் பிளக்கிறது. பகலில் விரிந்து ஒன்றையொன்று நெருக்கி, சில இடங்களில் வரப்பாக மேலெழுகிறது. மேலிருந்து பார்க்கையில் ஒரு கோடாகத் தெரியும் விரிசல், உண்மையில் ஆழத்தில் இறங்கும் ஒரு வெண்திரை. தாழ அமர்ந்து சாய்வாகப் பார்த்தால்தான் அந்தத் திரை கண்ணில் படும்.

இவற்றையெல்லாம் வேலூரிலேயே கற்கலாம் என்பதைச் சொல்லத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். ஐஸ் கம்பெனியில் ஒரு ஐஸ் பார் வாங்கிவந்து, கறுப்புத் துணி விரித்து, நிழலில் வையுங்கள். ஓரங்கள் தெளிவாகவும் நடுப்பகுதி பால் வெண்மையாகவும் இருக்கும். உப்பு நீர்த் தொட்டியில் இறக்கிய தகரப் பெட்டிக்குள் நீர் சுற்றுப்புறத்திலிருந்து உள்நோக்கி உறைவதால், காற்றும் உப்பும் நடுவுக்குத் துரத்தப்பட்டு அங்கே அடைபடுகின்றன. மேற்பரப்பு சற்று உருகி வழவழப்பானதும் உற்றுப் பாருங்கள்: தெளிந்த பகுதிக்கும் வெண்மைக்கும் நடுவே, ஊசி நுனியளவே பருமனுள்ள காற்றுக் குழல்கள், எல்லாமே உள்நோக்கியபடி வரிசையாக நிற்கும். உறைதல் எந்தத் திசையில் நடந்தது என்பதை அவை அப்படியே எழுதி வைத்திருக்கின்றன. காலை வெயில் சாய்வாக வரும் வேளையில், ஒளி பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ விழும்படி கேமராவை வைத்தால் ஒவ்வொரு குழலும் ஒளிரும். முன்னாலிருந்து நேராக விழும் ஒளியில் அதே கட்டி ஒரு வெள்ளைக் கல்லாகிவிடும். பிறகு அதன் மேல் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிப் பாருங்கள். படீரென்ற ஓசையோடு விரிசல்கள் ஓடுவதைக் காண்பீர்கள். பாங்காங்கில் குளிர் செய்வதை இங்கே வெந்நீர் செய்கிறது.

லென்ஸுக்குச் செலவிட எண்ணியிருக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கில், பரப்பின் மேல் மினுங்கும் ஒளியை அடக்கும் போலரைசர் ஃபில்டர் ஒன்றும், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே பொருத்தி அருகிலிருந்து எடுக்க உதவும் எக்ஸ்டென்ஷன் ட்யூப் ஒரு செட்டும் வாங்கிவிடலாம். போலரைசரைப் பழக வேலூர்க் கோட்டை அகழியே போதும். கரையில் நின்று நீரைச் சாய்வாகப் பார்த்தபடி ஃபில்டரைத் திருப்பினால், மேலே மினுங்கும் வான ஒளி ஒரு நிலையில் அடங்கிவிடும். கேமராவின் பார்வை நீர்ப்பரப்போடு ஏறத்தாழ 37 டிகிரிச் சாய்வில் இருக்கும்போது அதன் பலன் முழுமையாகக் கிடைக்கும். பனிக்கட்டிக்கும் கணக்கு ஏறக்குறைய அதேதான். செங்குத்தாகக் கீழே பார்த்து எடுக்கையில் போலரைசரால் பயனில்லை. அப்போது கறுப்புக் குடை ஒன்றை வானத்துக்கு மறைப்பாகப் பிடிக்கச் சொல்லுங்கள். கேமராவின் பின்பக்கம் பனிக்கட்டிக்கு இணையாக இருந்தால், லென்ஸ் துளையின் அளவை எஃப் 8 அல்லது 11-இல் வைத்தாலே பரப்பு முழுவதும் துலங்கும்.

நீலத்தைக் கூட்டச் சொன்ன நண்பரின் யோசனையை எனக்கு ஏற்க முடியவில்லை. பனிக்கட்டியின் நீலம் மேலே பூசிய நிறமன்று. ஒளி அதனூடே நெடுந்தூரம் செல்லும்போது சிவப்புப் பகுதி உறிஞ்சப்பட்டு, மிஞ்சுவது நீலமாகத் தெரிகிறது. ஆகவே தடித்த பனிக்கட்டி நீலமாகவும், மெல்லிய தகடு நிறமற்றும் இருப்பதே இயற்கை. கைத்தடிமன் உள்ள தகட்டுக்கு நீலம் ஏற்றினால், அது எத்தனை தடிமன் என்பது பற்றிப் படம் பொய் சொல்கிறது. நிழலில் வானத்து ஒளிபட்டு வரும் நீலம் வேறு. அதை, வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸில் நேர்செய்வது தவறில்லை. பார்த்ததற்கு நெருக்கமாகக் கொண்டுவரத் திருத்துங்கள், பார்க்காததைச் சேர்க்காதீர்கள்.

இதே காரணத்தால் எதையும் உடைத்தோ அடுக்கியோ எடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சைபீரியாவின் பைக்கால் ஏரியில், மெல்லிய பனிக்காம்பின் மீது தட்டையான கல் ஒன்று நிற்கும் காட்சியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பலரும் அதை யாரோ செய்து வைத்தது என்றே நினைக்கிறார்கள். சுற்றியுள்ள பனிக்கட்டி உருகாமலே ஆவியாகித் தேய, கல்லின் நிழல் விழும் இடம் மட்டும் தேயாமல் காம்பாக நிற்கிறது என்பதை 2021-இல் பிரான்ஸின் லியோன் நகர இயற்பியலாளர் இருவர், உலோக வட்டுகளை வைத்து ஆய்வகத்தில் செய்து காட்டினார்கள். கையால் அடுக்கிய கல் ஒன்று படத்தில் இருந்தால், இப்படித் தானாக அமைந்தவற்றின் மீதும் சந்தேகம் விழும்.

குளிரைப் பற்றிச் சுருக்கமாக: உபரி பேட்டரிகள் உள்சட்டைப் பையில், உடற்சூட்டில் இருக்கட்டும். லென்ஸ் மேல் மூச்சு படக்கூடாது. பட்டால் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அடுப்பு எரியும் அறைக்குள் நுழைவதற்கு முன், வெளியிலேயே கேமராவை பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடிவிடுங்கள். அறைச் சூடு உள்ளே இறங்கும்வரை திறக்க வேண்டாம். இல்லையேல் ஈரம் உள்ளேயும் படியும்.

பாங்காங் 4,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. லே நகரில் உடம்பு உயரத்துக்குப் பழகும்வரை தங்கிவிட்டுப் போங்கள். பனிக்கட்டியின் மேல் இறங்குவதைக் கரையோர ஊர்க்காரர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஓர் ஆள் நடக்கத் தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வெண்மையாக இருந்தால் அதன் வலு ஏறக்குறையப் பாதிதான். ஓடைகள் ஏரியில் கலக்கும் இடங்களில் எங்கும் மெல்லியதாகவே இருக்கும். இறங்க வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் கரையிலேயே நில்லுங்கள். அலை தெறித்துப் பாறைமேல் அடுக்கடுக்காக உறைந்தவை, கரை நெடுக நெருக்குண்டு எழுந்த தகடுகள், கூழாங்கற்களுக்கிடையே சிக்கிய குமிழ்கள் என்று கைக்கெட்டும் தொலைவிலேயே ஒரு பகல் முழுவதும் எடுக்க இருக்கிறது. உங்களிடம் இருக்கும் 18-55 லென்ஸே அதற்குப் போதும்.

அன்புடன்.