கத்தோலிக்கப் பையனைக் கட்டினால் மறுபடி ஞானஸ்நானமா?

வேண்டாம் தங்கச்சி. நீங்கள் மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் சபையில் தண்ணீரால், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் வாங்கிய ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றுக்கொள்கிறது. திரும்பக் கொடுக்காது.

வருங்கால மாமியார் "பூசுதல் வாங்கணும்" என்றார் என்கிறீர்கள். அநேகமாக உறுதிபூசுதலை, அதாவது எண்ணெய் பூசி விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கைச் சொல்லியிருப்பார். நீங்கள் கத்தோலிக்கராகச் சேர்ந்தால்தான் அது. கல்யாணத்துக்குச் சேர வேண்டியதில்லை, ஆயரின் அனுமதி போதும். அதைப் பையனின் பங்குச் சாமியார் கேட்டு வாங்குவார்.

முதலில் ஞானஸ்நானச் சீட்டைத் தேடுங்கள். என்னுடையது பழைய லயத்து வீட்டில், மைலோ டின்னுக்குள், பாட்டியின் ஐசி அடையாள அட்டையோடு ஒட்டிக் கிடந்தது! கிடைக்காவிட்டால் சுங்கை சிப்புட்டில் நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற சபையின் பதிவேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு நீங்களும் பையனும் சாமியாரை நேரில் பாருங்கள், மாமியார் வழியாக வேண்டாம்.

ஒன்று மட்டும். பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம் பொதுவாகக் கத்தோலிக்கருக்குத்தான். மெதடிஸ்ட் சபையின் திருவிருந்துப் பந்தியில் எல்லாரையும் கூப்பிட்டுப் பழகிய உங்கள் அப்பாவுக்கு அது சுருக்கென்று இருக்கும். கல்யாணத்தன்று வரிசையில் நின்று தெரிந்துகொள்ள விடாதீர்கள். இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.