அலுவலகப் பென்டிரைவ் மட்டும் இயங்க என்ன வழி?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் விண்டோஸ் 11 இயங்கும் 40 கணினிகள் உள்ளன. வெளியார் பென்டிரைவ்களைத் தடுக்க, விண்டோஸ் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் யுஎஸ்பிஸ்டோர் (USBSTOR) பகுதியின் ஸ்டார்ட் மதிப்பை 4 என்று மாற்றினோம். நாங்கள் ஊழியர்களுக்கு வழங்கிய பென்டிரைவ்களும் நின்றுவிட்டன. அவற்றை மட்டும் அனுமதிக்க முடியுமா?

பதில்: முடியும். முதலில் அந்த மதிப்பைப் பழையபடி 3 ஆக்கிவிடுங்கள். நீங்கள் நிறுத்தியது பென்டிரைவை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளையே என்பதால், அதற்கு உங்களுடையது, பிறருடையது என்ற வேறுபாடு தெரியாது. வேறு டிரைவர் வழியாக இணையும் கைப்பேசிகளையோ அது தடுத்திருக்கவே இல்லை.

உங்களுக்குத் தேவையானது, விண்டோஸ் கணினிகளுக்கு விதிகளை வகுக்கும் குரூப் பாலிசியில் கருவி நிறுவலைக் கட்டுப்படுத்தும் விதிகள். யுஎஸ்பி சேமிப்புக் கருவிகளைப் பொதுவாகத் தடுக்கும் விதி ஒன்றும், உங்கள் பென்டிரைவ்களின் அடையாளங்களை அனுமதிக்கும் விதி ஒன்றும் எழுத வேண்டும். ஆனால் இரண்டும் மோதினால் இயல்பாகத் தடையே வெல்லும். குறிப்பான விதிக்கு முன்னுரிமை தரும் அடுக்குமுறை மதிப்பீட்டையும் இயக்கினால்தான் அனுமதி செல்லுபடியாகும். பலர் சறுக்குவது இங்கேதான்.

அடையாளத்தை எடுக்க, பென்டிரைவைச் செருகி, கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் அதன் விவரங்களில் உள்ள நிகழ்வுப் பாதையைப் (Device instance path) பாருங்கள். கடைசிச் சாய்கோட்டுக்குப் பின் வருவது பெரும்பாலும் வரிசை எண். அந்தப் பகுதியின் இரண்டாவது எழுத்தே '&' குறியாக இருந்தால், கருவிக்குத் தனி வரிசை எண் இல்லை, விண்டோஸே ஓர் எண்ணை உருவாக்கிக்கொண்டது என்று பொருள்; வேறு துளையில் செருகினால் அது மாறிவிடலாம். அத்தகைய பென்டிரைவ்களைப் பட்டியலில் சேர்க்காமல் மாற்றிவிடுவதே நல்லது. தயாரிப்பாளர் எண்ணையும் மாடல் எண்ணையும் மட்டும் வைத்து அனுமதிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அதே மாடலை யார் வேண்டுமானாலும் வாங்கி வரலாம்.

இவை நிறுவல் விதிகள் என்பதால், ஏற்கெனவே ஒரு கணினியில் செருகப்பட்டு நிறுவப்பட்ட பென்டிரைவ் தொடர்ந்து இயங்கக்கூடும். தடை விதியிலேயே, முன்பு நிறுவப்பட்டவற்றுக்கும் பொருந்தும் என்ற தேர்வைக் குறியிடுங்கள். எல்லாவற்றையும் முதலில் ஒரே கணினியில் சோதியுங்கள். தடையின் வரம்பு அகன்றுபோனால் விசைப்பலகையும் மவுஸும் சேர்ந்து நின்றுவிடும்.

உள்ளிருக்கும் மென்பொருள் மாற்றப்பட்டு, தன்னை விசைப்பலகை என்று காட்டிக்கொள்ளும் கருவிகள் 2014 முதல் அறியப்பட்டவை. சேமிப்புக்கான தடை அவற்றைப் பிடிக்காது. வழங்கிய பென்டிரைவ் தொலைந்தால் பட்டியலிலிருந்து உடனே நீக்குங்கள். ஆனால் அதிலுள்ள கோப்புகளைக் காக்க, வழங்கும்போதே விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் குறியாக்கம் செய்திருக்க வேண்டும்.